மிருகக்காட்சி சாலையில் ஒரு முஸாஃபிர்: பார்வைக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் மத்ரஸா மாணவர்களின் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரு கேள்வியைக் கொண்டு வருகிறார்கள். "ஹஸ்ரத், பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துச் செல்லலாமா? உயிருள்ளவற்றைக் கூண்டில் அடைத்து வைத்து வேடிக்கை பார்ப்பது மார்க்கத்தில் கூடுமா?"

இதற்கு நம் மஹல்லாக்களில் இருவகைப் பதில்கள் உலவுகின்றன. "அது வீண் கேளிக்கை, போகவே கூடாது" என்பது ஒன்று. "பிள்ளைகள் நாலு மிருகத்தைப் பார்த்துவிட்டு வரட்டுமே, அதில் என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது" என்பது மற்றொன்று. முதல் பதில், மார்க்கம் அனுமதித்ததைத் தடுக்கிறது. இரண்டாவது, அந்த அனுமதியோடு வரும் கடமையை மறக்கிறது. செல்லலாம், பார்க்கலாம், ஆயினும் கூண்டின் முன் நிற்கும் முஸ்லிமின் பார்வைக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு, அவ்வொழுக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அந்த இடத்தை விடச் சிறந்த வகுப்பறை அரிது என்பதே என் கருத்து.

ஊருக்கு நடுவே ஒரு பழைய மிருகசாலை

சில ஆண்டுகளுக்கு முன் கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆ மஸ்ஜிதைக் காணக் குடும்பத்துடன் கேரளத்திற்குப் பயணம் மேற்கொண்டோம். ஹிஜ்ரியின் தொடக்க ஆண்டுகளிலேயே, கி.பி. 629இல், எழுந்ததாக மரபுச் செய்தி கூறும் பள்ளிவாசல் அது. வழியில் திருச்சூரில் சில மணி நேரம் தங்க வேண்டியிருந்தது. செம்புக்காவுப் பகுதியில் இருந்த மிருகக்காட்சி சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம்.

அது 1885ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சுமார் 13 ஏக்கர் பரப்பில், மரங்களுக்கிடையே, அருங்காட்சியகத்தையும் தன் வளாகத்திலேயே வைத்துக்கொண்டு, நகரத்தின் நடுவில் அமைந்திருந்தது. வண்டலூரைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அது மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் சிறிய இடத்திற்கு ஒரு தன்மை உண்டு. பெரிய பூங்காக்களில் அடுத்த விலங்கு எங்கே என்று நாம் ஓடிக்கொண்டே இருப்போம். சிறிய இடத்தில் ஓடுவதற்கு ஒன்றுமில்லை, நிற்கத்தான் வேண்டும். நீர்யானை தண்ணீருக்குள் மூழ்கி, மூக்கை மட்டும் மேலே காட்டி, மூச்சுவிட்டு மீண்டும் மூழ்குவதைப் பிள்ளைகள் அவசரமின்றிப் பார்த்தார்கள். மான்கள் அசைபோடுவதைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பாம்பு அசையாமல் கிடப்பதைப் பார்த்து, "உயிர் இருக்கிறதா, அத்தா?" என்று கேட்டார்கள்.

மலையாளிகள் இவ்விடத்தை 'மிருகசாலை' என்று அழைக்கிறார்கள். அரபியில் 'ஹதீகத்துல் ஹயவான்', அதாவது விலங்குகளின் தோட்டம் என்பார்கள். தமிழில் மட்டும் நாம் நடுவில் 'காட்சி' என்ற சொல்லைச் சேர்த்து 'மிருகக்காட்சி சாலை' என்கிறோம். அந்தச் சொல்லே நம் மனநிலையைக் காட்டிக்கொடுக்கிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது. காட்சி என்றால் அது நமக்காக நடத்தப்படுவது. பணம் கொடுத்தவர் திருப்தியடைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் ஒளிந்திருக்கிறது. புலி படுத்துக்கிடந்தால், "எழுந்திரிக்க வை" என்று ஒரு தந்தை கூண்டை நோக்கிக் கைதட்டுவதற்குக் காரணம் அந்த எதிர்பார்ப்புத்தான். இது எந்த ஊர் மிருகக்காட்சி சாலையிலும், எந்தச் சமயத்தவரிடமும் காணக்கூடிய பழக்கம். நம்மவர்களும் அதற்கு விலக்கில்லை.

அல்லாஹ் தன் வேதத்தில் வேறுவகையான ஒரு பார்வையைக் கற்றுத்தருகிறான். ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனிக்குமாறு ஸூரத்துல் காஷியா அழைக்கிறது. சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைக் கவனிக்குமாறு ஸூரத்துல் முல்க் அழைக்கிறது. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்குமாறு ஸூரத்துல் அன்கபூத் கூறுகிறது. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமூகங்களே என்று ஸூரத்துல் அன்ஆமின் 38ஆம் வசனம் உணர்த்துகிறது. ஒரு சமூகத்தின் முன்னால் நிற்பவன் எப்படி நிற்க வேண்டுமோ, அப்படி நிற்பதே அந்த ஒழுக்கத்தின் தொடக்கம்.

அனுமதியும் அதன் எல்லையும்

கூண்டில் வைப்பது அடிப்படையில் கூடுமா என்ற கேள்விக்கு நம் முன்னோர் எடுத்துக்காட்டும் ஹதீஸ் அனஸ் (ரலி) அறிவித்து, புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அபூ உமைர் ஒரு சின்னஞ்சிறு குருவியை வளர்த்து வந்தார். அது இறந்துவிட்டது. வாடிய முகத்துடன் இருந்த அச்சிறுவரிடம் நபி (ஸல்) அவர்கள், அந்தக் குருவி என்னவாயிற்று என்று எதுகை நயத்துடன் பரிவாக விசாரித்தார்கள்.

இந்தச் சின்னஞ்சிறு நிகழ்ச்சியிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி நூலாகவே தொகுத்தார் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்). பறவையை அடைத்து வளர்ப்பதும், குழந்தை அதைக் கொண்டு மகிழ்வதும் கூடும் என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் அதே இடத்தில் ஓர் எல்லையையும் நம் இமாம்கள் வரைந்துள்ளார்கள். அறிஞர்கள் அனுமதித்தது பறவையை வைத்துக்கொண்டு மகிழ்வதைத்தான்; அதைத் துன்புறுத்தக் குழந்தைக்கு இடம் கொடுப்பது ஒருபோதும் அனுமதிக்கப்படவில்லை என்று அபுல் அப்பாஸ் அல்குர்துபி (ரஹ்) கூறியதை இப்னு ஹஜர் (ரஹ்) தம் 'ஃபத்ஹுல் பாரீ'யில் எடுத்தெழுதியுள்ளார்.

எனக்கு இந்த ஹதீஸில் மற்றொரு செய்தியும் தெரிகிறது. ஒரு சமுதாயத்தையே வழிநடத்திக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், ஒரு வீட்டில் ஒரு குருவி இருந்ததையும் அது இப்போது இல்லாததையும் நினைவில் வைத்திருந்தார்கள். அடைத்து வைக்கப்பட்ட உயிரைப் பற்றி விசாரிப்பது ஸுன்னத்தான அக்கறை. கூண்டின் முன் நிற்கும் நம் பிள்ளைகள் "இது என்ன செய்யும்?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "இது எப்படி இருக்கிறது? என்ன சாப்பிடுகிறது? நிழல் இருக்கிறதா? துணை இருக்கிறதா?" என்றும் கேட்கப் பழக வேண்டும்.

பூனை ஹதீஸின் இரண்டு வாசல்கள்

பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் ஹதீஸை நம் பிள்ளைகள் அனைவரும் ஓதியிருப்பார்கள். அப்பெண் வேதனைக்குள்ளானதற்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய காரணத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. அவள் தானும் உணவளிக்கவில்லை. பூமியில் உள்ள புழு பூச்சிகளைத் தின்று பிழைத்துக்கொள்ளுமாறு அதை விட்டுவிடவும் இல்லை.

இதைக் கூர்ந்து நோக்கினால் ஒரு சட்ட நுட்பம் புலப்படும். உயிரினத்திற்கு வாழ இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, மனிதன் தருவது. மற்றொன்று, அல்லாஹ்வின் விரிந்த பூமியில் அது தானே தேடிக்கொள்வது. கூண்டு என்பது இரண்டாவது வாசலை முழுவதுமாக மூடுவது. மூடியவர் மீது முதல் வாசலின் பொறுப்பு முழுவதும் வந்து விழுகிறது. எல்லா உயிர்களின் ரிஸ்க்கும் அல்லாஹ்வின் பொறுப்பு என்று ஸூரத்து ஹூத் கூறுகிறது. ஓர் உயிரை அடைத்தவன், அந்த ரிஸ்க் அதைச் சென்றடையும் ஒரே வழியாகத் தன்னை ஆக்கிக்கொண்டான்.

காட்டில் புலி தேடிக்கொள்வது இறைச்சி ஒன்றை மட்டுமா? நடக்கத் தூரம், ஒளிந்துகொள்ளப் புதர், நீந்த நீர், பிறர் கண்ணில் படாத தனிமை ஆகிய அனைத்தும் அதன் வாழ்வாதாரத்தில் அடங்கும். பழைய கூண்டுகள் உள்ள இடங்களில் புலியோ கரடியோ ஒரே கோட்டில் முன்னும் பின்னும் ஓயாமல் நடப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். "ரோந்து போகிறது" என்று சிரிப்பார்கள். அது ரோந்து அன்று. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2003ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், காட்டில் பரந்த எல்லையில் சுற்றித்திரியும் ஊனுண்ணிகளே அடைபட்ட நிலையில் அதிகமாக இவ்வாறு நடக்கின்றன என்றும், அவற்றின் குட்டிகளே அதிகமாக இறக்கின்றன என்றும் காட்டினார்கள். கறி தவறாமல் கிடைத்தும் மற்றவை கிடைக்காததன் அடையாளம் அந்த நடை.

'சுல்தானுல் உலமா' என்று போற்றப்படும் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) ஹிஜ்ரி 660இல் வஃபாத்தானவர். தம் 'கவாஇதுல் அஹ்காம்' நூலில் மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை அவர் வரிசைப்படுத்துகிறார். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும். சக்திக்கு மீறிச் சுமத்தக் கூடாது. அதற்குத் தீங்கு செய்யக்கூடிய விலங்குகளோடு சேர்த்து அடைக்கக் கூடாது. தங்குமிடத்தைச் செம்மையாக வைக்க வேண்டும். இணைசேரும் பருவத்தில் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு மிருகக்காட்சி சாலையை நிர்வகிப்பவருக்கு இன்று எழுதித் தரக்கூடிய விதிமுறைகளாகவே இவை இருக்கின்றன. விலங்கு உரிமை என்பது மேற்கிலிருந்து வந்த புதுப்பேச்சு என்று எண்ணும் நம் இளைஞர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

அப்படியானால் மூடிவிடலாமா?

நியாயமான கேள்விதான். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த புலியைத் திறந்துவிட்டால் அது காட்டில் பிழைக்காது, ஊருக்குள் வரும். தாயை இழந்த குட்டிகள், காயம்பட்டு மீட்கப்பட்ட விலங்குகள் ஆகியவற்றுக்கு வேறு புகலிடம் இல்லை. காட்டில் அருகிவரும் இனங்கள் சில, இத்தகைய இடங்களில் பெருகுவதாலேயே எஞ்சியுள்ளன. ஆகவே கதவைத் திறந்துவிடுவது எப்போதும் இரக்கமாகாது. அடைத்தவர் தம் கடமையைச் செம்மையாக்குவதே இரக்கம்.

அது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் மிருகக்காட்சி சாலைகளுக்கெனத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டு, 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. அதன் அங்கீகாரமின்றி எந்த மிருகக்காட்சி சாலையும் இயங்க முடியாது. கோவை வ.உ.சி. பூங்காவில் இருந்த சிறிய மிருகக்காட்சி சாலை, போதிய இடமில்லாத காரணத்தால் 2022இல் அங்கீகாரத்தை இழந்தது. திருச்சூரிலோ, நகருக்கு வெளியே புத்தூரில் 300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில், விலங்குகளுக்கு அவற்றின் வாழிடத்தை ஒத்த திறந்த வெளிகளுடன் புதிய பூங்கா உருவாக்கப்பட்டு, 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. 13 ஏக்கரிலிருந்து 300 ஏக்கருக்கு! நூற்றாண்டுக்கும் மேலாகப் பழகிப்போன ஓர் ஏற்பாட்டை, இது போதாது என்று உணர்ந்து மாற்ற முடிந்திருக்கிறது. நம் ஊர்களிலும் இடநெருக்கடியைக் கண்டால் நிர்வாகத்திற்கு ஒரு கடிதம் எழுதுவதும், பார்வையாளர் குறிப்பேட்டில் நாலு வரி பதிவதும் தீமையைத் தடுக்கும் பணியில் சேரும் என்பது என் எண்ணம்.

பயணத்தில் நிகழ்ந்த பாடம்

வெளியூர்ப் பயணிக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. அவன் மீண்டும் அங்கு வரப்போவதில்லை. அவனை அங்கு எவரும் அறியார். அவன் ஒரு மணி நேரத்தில் வெளியேறிவிடுவான்; அவன் எறிந்த பொட்டலம் மானின் வயிற்றில் இருக்கும்.

இங்கே அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்கிறேன். அதுவும் ஒரு பயணத்தில் நிகழ்ந்ததே. நபி (ஸல்) அவர்கள் சற்று விலகிச் சென்றிருந்த வேளையில், தோழர்கள் ஒரு சிறு பறவையையும் அதன் இரு குஞ்சுகளையும் கண்டு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. திரும்பி வந்த நபி (ஸல்) அவர்கள், இதன் குஞ்சைக் கொண்டு இதைத் துயரப்படுத்தியவர் யார் என வினவி, திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். வழிப்போக்கில், ஆளில்லா வெளியில், பெயரறியாத ஒரு பறவை. அங்கும் கணக்குக் கேட்கப்பட்டது. பயணம் தொழுகையில் நமக்குச் சலுகை தருகிறது. இரக்கத்தில் எந்தச் சலுகையும் தரவில்லை.

ஆகவே பெற்றோர்களே, மிருகக்காட்சி சாலைக்குச் செல்லும்போது சிலவற்றைக் கடைப்பிடியுங்கள்.

எந்த விலங்கிற்கும் உணவு கொடுக்காதீர்கள். ஸதகா என்ற நல்லெண்ணத்தில் பிஸ்கட்டையும் ரொட்டியையும் நீட்டுவோர் உண்டு. அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் மாவுப்பண்டம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் புளித்து நோயாகும். பிளாஸ்டிக் உறை சென்றால் குடலை அடைத்து உயிரையே வாங்கும். உங்கள் ஸதகாவுக்கு வாசலுக்கு வெளியே எத்தனையோ வழிகள் உள்ளன.

கண்ணாடியைத் தட்டாதீர்கள், கூச்சலிடாதீர்கள், கல்லெறியாதீர்கள். சீண்டுவது, உணவளிப்பது, சத்தமிட்டுத் தொல்லை தருவது, குப்பை போடுவது ஆகிய அனைத்தையும் மேற்சொன்ன சட்டமே தடை செய்துள்ளது. குறைஷி இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடியபோது இப்னு உமர் (ரலி) கண்டித்த நிகழ்ச்சி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தவறிய ஒவ்வோர் அம்பும் பறவையின் சொந்தக்காரருக்கு என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்களாம். சொந்தக்காரர் சம்மதித்தார், அவருக்கு ஆதாயமும் இருந்தது. ஆயினும் அந்த விளையாட்டு பாவமாகவே இருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டோம் என்பதால் சீண்டும் உரிமை நமக்கு வந்துவிடாது.

குரங்கைக் காட்டி, "உன் மாமா நிற்கிறார் பார்" என்று கேலி பேசாதீர்கள். அந்த ஒரு சொல்லில் படைப்பையும் இழிவுபடுத்துகிறோம், உறவையும் இழிவுபடுத்துகிறோம்.

எல்லாக் கூண்டுகளையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று ஓடாதீர்கள். மூன்று நான்கு உயிர்களின் முன் நின்று நிதானமாகப் பாருங்கள். பிள்ளை தானாக 'ஸுப்ஹானல்லாஹ்' என்று சொல்லும் வரை காத்திருங்கள். பணியாளரிடம் ஸலாமோ வணக்கமோ சொல்லி, அந்த விலங்கின் பழக்கத்தைக் கேளுங்கள். அதன் வாசமறிந்து, குரலறிந்து பராமரிப்பவர் அவரே.

வீட்டு வாசலில் தெரியும் பலன்

இவ்வளவும் கற்றதன் பலன் வீடு திரும்பிய பின்னரே தெரியும். நம் இல்லங்கள் பலவற்றில் பச்சைக்கிளிக் கூண்டு தொங்குகிறது. பச்சைக்கிளி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை. அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. வெளிநாட்டு இனமான லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களும், நீரும் நிழலும் போதிய இடமும் இருக்கின்றனவா என்று தினமும் பார்க்க வேண்டும். பெருநாள் ஊருக்குப் போகும்போது கூண்டைப் பூட்டிவிட்டுச் செல்வோர், பூனை ஹதீஸை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நம் தெருக்களைப் பாருங்கள். குர்பானி ஆடுகள் வெயிலில், குட்டைக் கயிற்றில், பல வேளைகளில் தண்ணீரின்றிக் கட்டப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் அதன் மீது ஏறுகிறார்கள், கொம்பைப் பிடித்து இழுக்கிறார்கள், பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அல்லாஹ்வுக்காக அர்ப்பணிக்கப்பட்ட உயிருக்கு அந்தக் கடைசி நாட்களில் நம் வாசலே மிருகக்காட்சி சாலையாகிவிடுகிறது. புலிக்கு இடம் போதவில்லை என்று வருந்திய அதே கண்கள், அந்த ஆட்டின் கயிற்றின் நீளத்தையும் அளக்க வேண்டும். அளக்காவிட்டால், பார்த்த கூண்டுகள் அனைத்தும் வெறும் காட்சியாகவே முடிந்துபோகும்.

அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்ததையும், அவர்கள் அதன் தலையைத் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்திய பின் அதன் உரிமையாளரை அழைத்து, பசியில் வாட்டி வேலை வாங்கியதற்காகக் கண்டித்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். வாயில்லா ஜீவன் முறையிட்டது. முறையீட்டைக் கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார்கள். அத்தகைய செவியும் கண்ணும் நம் பிள்ளைகளுக்கு வாய்க்க வேண்டும் என்பதற்காகவே அவர்களை அழைத்துச் செல்லுங்கள் என்கிறேன்.

யா அல்லாஹ்! உன் படைப்புகளைப் பார்த்து உன்னை அறியும் பார்வையை எங்களுக்கும் எங்கள் சந்ததியினருக்கும் தந்தருள்வாயாக. எங்கள் கைகளில் நீ ஒப்படைத்த வாயில்லா உயிர்களின் விஷயத்தில் நாளை மறுமையில் எங்களைத் தலைகுனிய வைக்காதிருப்பாயாக. ஆமீன்.